புலம்பல் என்றொரு புத்தகம்

தோட்டத்துக் கிறிஸ்தவர்கள் வீட்டில் சாவு விழுந்தால், துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் சொல்வது பெரும்பாலும் மூன்றே வாக்கியங்கள்தாம். ‘எல்லாம் அவரு சித்தம்.’ ‘கொடுத்தவரே எடுத்துக்கிட்டாரு.’ ‘இதுக்குள்ளேயும் ஒரு நோக்கம் இருக்கும்.’ சொல்கிறவர்கள் நல்லவர்கள். வேலை முடிந்து, மழையில் நனைந்து, வீட்டிலிருந்த சீனியையும் மைலோ டின்னையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு மேட்டு லயத்திலிருந்து இறங்கி வருகிறவர்கள். வேறு என்ன சொல்வதென்று அவர்களுக்குத் தெரியாது. ஆனால் மூன்று வாக்கியங்களும் செய்யும் வேலை ஒன்றுதான். துக்கப்படுகிறவரின் கேள்வியை வாயிலேயே மூடிவிடுகின்றன. ‘அவரு சித்தம்’ என்று ஒருவர் சொல்லிவிட்ட பிறகு, ஏன் என்று கேட்பவர் அவரையே எதிர்த்துப் பேசுகிறவர் ஆகிவிடுகிறார்.

நம்பிக்கையை நாங்கள் விசுவாசம் என்போம். விசுவாசி கேள்வி கேட்கமாட்டான் என்பது எங்கள் பக்கத்தில் எழுதப்படாத சட்டம். இந்தச் சட்டம் வேதாகமத்திலிருந்து வந்ததாக எனக்குத் தெரியவில்லை. இது வருவதற்கு முன்னால் எங்கள் ஆட்கள் தங்கள் துக்கத்தை என்ன செய்தார்கள் என்பதைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

*

கேமரன் மலை என்றால் இப்போது பலருக்கும் ஸ்ட்ராபெரியும் ஸ்கோனும் தேயிலைச் சரிவில் நின்று எடுத்துக்கொள்ளும் படமும்தான் ஞாபகம் வரும். 1885இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் கண்டு குறித்த மலை இது. 1929இல் ஜான் ஆர்ச்சிபால்ட் ரஸ்ஸல் இங்கே போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். பிறகு வேறு தோட்டங்களும் வந்தன. கூடை சுமந்து கொழுந்து எடுத்தவர்களிலும் ஆலையில் இலை வாட்டியவர்களிலும் நம் ஆட்கள்தான் அதிகம். இன்று கையால் கிள்ளுவது போய்க் கத்தரியும் இயந்திரமும் வந்துவிட்டன. மலையில் இப்போது வங்காளதேசத்து, இந்தோனேசிய, நேபாளத் தொழிலாளிகள். லயங்களில் தமிழ்க் குடும்பங்கள் குறைந்துகொண்டே போகின்றன. நான் பிறந்த தோட்டம் ரிங்லெட்டுக்கும் தானா ராத்தாவுக்கும் இடைப்பட்ட சரிவுகளில் ஒன்று. படம் எடுக்கும் பச்சை வரிசைகளுக்குப் பின்னால், சுற்றுலாக்காரர்கள் வராத ஒரு மேட்டில் எங்கள் இடுகாடு இருக்கிறது.

எங்கள் வீட்டில் இரண்டு கிறிஸ்தவங்கள் இருந்தன. பாட்டி கத்தோலிக்கர். கட்டிலுக்கு மேலே மாதா படம், தலையணைக்கு அடியில் ஜெபமாலை. அவருடைய மகளான என் அம்மா, 80களில் தோட்டங்களுக்குள் வந்த ஜெபக்கூட்டங்களில் சேர்ந்தார். டவுனில் ஒரு கடைவீட்டு மாடியில் சபை. கிதார், கைத்தட்டல், அந்நிய பாஷை, சாட்சி. பாட்டிக்கு அது ஒட்டவில்லை. “ஏன்டி, ஆண்டவருக்குக் காது கேக்காதா, இந்தக் கத்து கத்துறீங்க?” என்று ஒருமுறை கேட்டதோடு விட்டுவிட்டார்.

அந்தச் சபை எங்களுக்கு நல்லதும் செய்திருக்கிறது. சம்சுக் குடியை விட்டவர்கள் எங்கள் லயத்திலேயே நான்கு பேர். அப்பா அதில் ஒருவர். ஞாயிற்றுக்கிழமை சட்டையை அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு, வேதாகமத்தை எடுத்துக்கொண்டு போகும்போது தோட்டக்காரன் என்ற கூனல் எங்கள் முதுகிலிருந்து கொஞ்சம் நிமிர்ந்தது. அதை நான் குறைத்துப் பேசமாட்டேன்.

ஆனால் சாட்சி சொல்வதற்கு ஓர் இலக்கணம் உண்டு. நோய் வந்தது, ஜெபித்தோம், சுகமானது. வேலை போனது, உபவாசம் இருந்தோம், நல்ல வேலை கிடைத்தது. கதை எங்கே தொடங்கினாலும் அல்லேலூயாவில் முடிய வேண்டும். சுகமாகாதவர்கள் மைக்கைப் பிடிப்பதில்லை. அவர்களுக்கு அந்த இலக்கணத்தில் இடமில்லை.

*

அக்கா மகனுக்கு ஐந்து வயதில் ரத்தப் புற்றுநோய் என்று சொன்னார்கள். 2015. முதலில் ஈப்போ, பிறகு கோலாலம்பூர். மலையிலிருந்து இறங்கும் ஒவ்வொரு வளைவிலும் வாந்தி எடுப்பான். துடைத்துவிட்டால் உடனே ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவான். காய்கறி லாரிகள்மேல் அவனுக்குப் பைத்தியம். ராத்திரி கீழே இறங்கும் லாரிகளை ஹாரன் சத்தத்தை வைத்தே இது யாருடைய லாரி என்று சொல்லிவிடுவான். “மாமா, இது ரெண்டு கண்ணாடி ஒடஞ்ச லாரி.” போய்ப் பார்த்தால் சரியாக இருக்கும்.

சபை முழுக்க உபவாசம் இருந்தது. நான் பார்த்திருக்கிறேன், பொய் இல்லை. வயசானவர்கள் மருந்து சாப்பிடுவதையும் தள்ளிவைத்துவிட்டு முழங்காலில் நின்றார்கள். நடுவில் ஒருமுறை ரத்தப் பரிசோதனை நன்றாக வந்தது. அக்கா மேடையேறிச் சாட்சி சொன்னாள். எட்டு மாதத்தில் நோய் திரும்பி வந்தது. அதன் பிறகு ஜெபத்துக்கு வந்த ஒருவர், வீட்டில் அறிக்கையிடாத பாவம் ஏதும் இருக்கிறதா என்று அக்காவைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். இன்னொருவர், சந்தேகம்தான் சத்துருவுக்குக் கதவைத் திறந்துவிடும் என்றார். அக்கா அந்த வாரம் முழுக்க, தான் எப்போது சந்தேகப்பட்டோம் என்று நாள் நாளாக யோசித்துக்கொண்டிருந்தாள்.

2017 நவம்பரில் அவன் இறந்துபோனான். ஏழு வயது.

உடலை ராத்திரியோடு ராத்திரியாக மலைக்குக் கொண்டுவந்தோம். காலையில் வீடு நிறைந்துவிட்டது. பக்கத்து லயத்துப் பெரியம்மா, மாரியம்மன் கோயிலுக்கு விரதம் இருப்பவர், பெட்டியைப் பார்த்ததும் வாசலிலேயே உட்கார்ந்து ஒப்பாரியைத் தொடங்கினார். இரண்டு வரி போயிருக்கும். சபை மூப்பர் ஒருவர் மெதுவாகப் போய்க் குனிந்து, “அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. நாங்க நம்பிக்க இல்லாதவங்க மாதிரி அழறதில்ல. புள்ள ஆண்டவர்கிட்ட இருக்கு. நாங்க பாட்டுப் பாடப் போறோம்” என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். பெரியம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஓரமாக நகர்ந்தார். கிதாரில் சுருதி பார்த்தார்கள். அக்கா பெட்டியின் தலைமாட்டில் கண்ணில் ஒரு சொட்டு இல்லாமல் உட்கார்ந்திருந்தாள்.

அப்போது பாட்டி நாற்காலியிலிருந்து இறங்கினார். எழுபத்தெட்டு வயது, முழங்கால் வலி. இறங்கித் தரையில் உட்கார்ந்து, கொண்டையை அவிழ்த்துவிட்டார். அவர் ஒப்பாரி பாடி நாங்கள் யாரும் கேட்டதில்லை. பாடினார் என்று சொல்வதுகூடச் சரியில்லை. ராகம் இருந்தது, ஆனால் அது கேள்விதான். யாரைப் பார்த்துக் கேட்கிறார் என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. மாதா படம் இருந்த பக்கமாக முகத்தைத் தூக்கி, ராசா ராசா என்று கூப்பிட்டுத்தான் கேட்டார். “எங்கப்பன எங்க வச்சிருக்கன்னு கேட்டேன், நீ சொல்லல. எங்காத்தா கேட்டுக் கேட்டே செத்தா, அவளுக்கும் சொல்லல. இப்ப இந்தப் பச்சப்புள்ளயக் கேக்குறேன். இன்னும் எத்தன பேரு வந்து ஒங்கிட்ட நிக்கணும் ராசா?”

மூப்பர் மறுபடியும் நகர்ந்தார். அம்மா, முப்பது வருடமாக அந்தச் சபையின் விசுவாசி, கையை நீட்டி, “விடுங்க பிரதர்” என்றார். அக்கா பாட்டியின் மடியில் தலையைக் கொண்டுபோய் வைத்தாள். அதன் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

*

பாட்டி கேட்ட முதல் கேள்வி 74 வருடம் பழையது.

பாட்டியின் அப்பா பேராக்கில், தாப்பாவுக்குக் கீழே ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். 1943இல் ஜப்பான்காரன் சயாமுக்கு ஆள் பிடித்தபோது அவரும் போனார். நல்ல சம்பளம், கொஞ்ச மாதத்தில் திரும்பிவிடலாம் என்றுதான் சொன்னார்களாம். தாய்லாந்திலிருந்து பர்மாவுக்கு ஜப்பானிய இராணுவம் போட்ட அந்த ரயில் பாதை ஏறக்குறைய 415 கிலோமீட்டர். 1942 நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் இரண்டு முனைகளும் இணைந்தன. 60,000க்கும் மேற்பட்ட நேசநாட்டுப் போர்க்கைதிகள் அதில் வேலை செய்தார்கள். அவர்களில் 12,000க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக ஆசியத் தொழிலாளிகள் இருந்தார்கள். மலாயாவிலிருந்து மட்டும் 70,000க்கும் மேல், அதில் பெரும்பகுதி தோட்டத் தமிழர்கள். காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் அடியிலும் அவர்கள் செத்த கணக்கை யாரும் ஒழுங்காக எழுதிவைக்கவில்லை. காஞ்சனபுரியில் போர்க்கைதிகளுக்கென்று ஒரு கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஏறக்குறைய 7,000 கல்லறைகள், வரிசை வரிசையாக, பெயர் பொறித்த தகடுகளோடு. நம்மவர்களுக்கு அப்படிப் பெயர் போட்ட ஒரு வரிசை கிடையாது. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச்சின்னம்’ ஆகிய நாவல்களைப் படித்தவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல.

பாட்டியின் அம்மாவுக்கு எந்தத் தகவலும் வரவில்லை. இறந்துவிட்டார் என்றும் யாரும் சொல்லவில்லை. அதனால் அவர் கடைசிவரை தாலியைக் கழற்றவில்லை. போர் முடிந்த பிறகு, கைப்பிள்ளையோடு மலைக்கு ஏறித் தேயிலையில் வேலைக்குச் சேர்ந்தார். பிணம் இல்லாததால் சாவு வீடு இல்லை. சாவு வீடு இல்லாததால் ஒப்பாரியும் இல்லை. ஒவ்வொரு நவம்பர் 2ஆம் தேதியும், கல்லறைத் திருநாளன்று, மற்றவர்கள் தத்தம் ஆட்களின் குழியைச் சுத்தம் பண்ணி மெழுகுவர்த்தி ஏற்றும்போது, அவர் இடுகாட்டு வாசலில் ஒரு கல்லின்மேல் ஒன்றை ஏற்றிவிட்டு வருவாராம். பாட்டியும் அப்படியே செய்தார். சின்னப்பிள்ளையாக நானும் கூடப் போயிருக்கிறேன். அது யாருக்கு என்று கேட்டால், “வீட்டுக்கு வராதவங்களுக்கு” என்பார்.

அந்தச் சாவு வீட்டில் பாட்டி இரண்டு பேருக்காக அழுதார் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. 1943இல் வைக்க முடியாமல் போன ஒப்பாரியை அந்த ஏழு வயசுப் பையனின் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்.

*

மூப்பர் மனதில் வைத்துச் சொன்னது பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதிய ஒரு வசனம். நம்பிக்கையில்லாத மற்றவர்களைப் போலத் துக்கப்படாதிருக்க வேண்டும் என்பது அதன் கருத்து. பல தடவை அதைத் திரும்பப் படித்திருக்கிறேன். எப்படித் துக்கப்படுவது என்பதைப் பற்றித்தான் அதில் இருக்கிறது. துக்கப்படவே கூடாது என்று பவுல் எங்கும் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. லாசருவின் கல்லறைக்குப் போய்ச் சேரும் முன்பே இயேசு அழுதார் என்று யோவான் எழுதிவைத்திருக்கிறார். இன்னும் கொஞ்ச நேரத்தில் அவனை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்த பிறகும் அழுதவர் அவர்.

எங்கள் ஆட்களுக்குத் துக்க வீட்டில் மிகவும் பிடித்த ஆள் யோபு. கொடுத்தவர் எடுத்தார் என்று அவர் சொன்னதை வைத்துத்தான் ஆறுதல் பிரசங்கம் தொடங்கும். ஆனால் அவர் அதைச் சொல்வது முதல் அதிகாரத்தில். புத்தகத்துக்கு 42 அதிகாரங்கள். மூன்றாம் அதிகாரத்தில் அதே யோபு, தான் பிறந்த நாளையே சபிக்கிறார். அதற்குப் பிறகு அவர் பேசுவதெல்லாம் வழக்குதான். என்மேல் என்ன குற்றம், வந்து சொல்லும் என்று கடவுளைக் கூண்டுக்கு இழுக்கிறார். கடவுளுக்காக வக்காலத்து வாங்குகிறவர்கள் அவருடைய நண்பர்கள். நீ ஏதோ பாவம் செய்திருப்பாய், அவர் காரணமில்லாமல் அடிக்கமாட்டார், மனம் திரும்பு என்று அழகழகாகப் பேசுகிறார்கள். அக்காவிடம் வந்து தனியாகக் கேட்டவர் பேசியது அவர்களுடைய பேச்சுதான். கடைசி அதிகாரத்தில் கடவுள் கோபித்துக்கொள்வது அந்த நண்பர்கள்மேல். யோபு பேசியதைப் போல நீங்கள் என்னைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை என்கிறார். கடவுளைக் காப்பாற்றப் போனவர்களுக்குத் திட்டு. அவரோடு சண்டை போட்டவனுக்கு, நீ சரியாகப் பேசினாய் என்ற சான்று. இவ்வளவு தெளிவாக எழுதியிருப்பதை எங்கள் பிரசங்க மேடைகள் எப்படித் தாண்டிப் போகின்றன என்பது எனக்கு ஆச்சரியம்தான்.

அப்போதும் யோபுவுக்குப் பதில் கிடைப்பதில்லை. 38ஆம் அதிகாரத்திலிருந்து கடவுள் பேசுகிறார், ஆனால் அவரும் கேள்விகளாகவே கேட்கிறார். மழைக்குத் தகப்பன் யார், காட்டுக் கழுதையை அவிழ்த்துவிட்டது யார் என்று. பிள்ளைகள் ஏன் செத்தார்கள் என்பதற்கு அதில் ஒரு சொல் இல்லை. யோபுவுக்குக் கிடைத்தது, அவர் பேசிக்கொண்டிருந்த திசையில் ஆள் இருக்கிறது என்பது மட்டும்தான்.

நண்பர்கள் செய்த ஒரே நல்ல காரியம் இரண்டாம் அதிகாரத்தின் முடிவில் வருகிறது. யோபுவின் துக்கம் பெரியது என்று கண்டு, ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தை பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது.

யோபு ஒருவர் மட்டும் அல்ல. சங்கீதங்கள் 150இல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு முறையீடுதான். அவற்றில் பெரும்பாலானவை அழுது தொடங்கித் துதியில் முடியும். எங்கள் சாட்சி இலக்கணத்துக்கு அவை சரியாகப் பொருந்தும். 88ஆம் சங்கீதம் மட்டும் பொருந்தாது. அது இருட்டில் தொடங்கி, இருட்டிலேயே நின்றுவிடுகிறது. அதைத் தொகுத்தவர்கள் கடைசியில் ஒரு துதி வரியை ஒட்டவைத்திருக்கலாம், வைக்கவில்லை. பிறகு எரேமியாவுக்கு அடுத்து வரும் சின்னப் புத்தகம். எபிரெயத்தில் அதன் பெயர் அதன் முதல் சொல், ‘எப்படி!’ என்ற அங்கலாய்ப்பு. தமிழில் மொழிபெயர்த்தவர்கள் அதற்குப் ‘புலம்பல்’ என்று பெயர் வைத்தார்கள். எழவு வீட்டுக்கும் ஒப்பாரிக்கும் நாம் வைத்திருக்கும் சொல். ‘புலம்பல்’ என்ற புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் புலம்பாதே என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

எல்லாவற்றுக்கும் மேலாகப் பெரிய வெள்ளி. சிலுவையில் இயேசு தன்னை ஏன் கைவிட்டீர் என்று கேட்கும் கேள்வியை, மத்தேயுவும் மாற்குவும் அவருடைய தாய்மொழி ஒலியிலேயே கிரேக்கத்தில் எழுதிவைத்தார்கள். தமிழ் வேதாகமமும் அதை அப்படியே விட்டுவைத்திருக்கிறது. வலியில் வருவது தாய்மொழிதான் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்தக் கேள்விக்கு மேலேயிருந்து எந்தப் பதிலும் வந்ததாக இருவரும் எழுதவில்லை.

*

‘அவரு சித்தம்’ என்ற வாக்கியத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. சில கேள்விகளுக்கு மனிதர்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

2013 அக்டோபர் 23 விடியாத நேரத்தில் ரிங்லெட்டுக்கு அருகே சுல்தான் அபுபக்கர் அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிடப்பட்டது. பெர்த்தாம் பள்ளத்தாக்கில் ஆறு பொங்கி வீடுகளையும் வண்டிகளையும் அடித்துக்கொண்டு போனது. உயிர்களும் போயின. மலையைச் சுரண்டிப் போட்ட காய்கறித் தோட்டங்கள், அணையில் சேர்ந்த மண், ஆற்றோரத்தை ஒட்டிக் கட்டிய வீடுகள், எச்சரிக்கை எப்படிக் கொடுக்கப்பட்டது என்று எத்தனையோ கேள்விகள் அப்போது எழுந்தன. அவை ஒவ்வொன்றும் மனிதர்களிடம் கேட்க வேண்டியவை. அந்த வாரம் நான் கேட்ட ஜெபங்களில் எல்லாம் கடவுளின் சித்தத்துக்கு ஒப்புக்கொடுத்தாயிற்று. ஒப்புக்கொடுத்த பிறகு யாரிடம் போய்க் கேட்பது?

இது எங்கள் மலையோடு நிற்கிற விஷயம் அல்ல. 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு, இலங்கையில் 250க்கும் மேற்பட்டவர்கள் குண்டுவெடிப்புகளில் இறந்தார்கள். மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் இறந்தவர்களில் ஞாயிறு பள்ளிக்கு வந்திருந்த குழந்தைகள் பலர். உயிர்த்தெழுதலைக் கொண்டாட வந்த பிள்ளைகள். இதற்குள் என்ன நோக்கம் என்று அந்தத் தாய்மாரிடம் யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் குடும்பங்களுக்கு ஒரு பாதிப் பதில் நீதிமன்றத்தில் கிடைத்தது. முன்கூட்டியே வந்த எச்சரிக்கைகள்மேல் நடவடிக்கை எடுக்கத் தவறியதற்காக, முன்னாள் ஜனாதிபதி உள்ளிட்டவர்கள் இழப்பீடு கட்ட வேண்டும் என்று 2023 ஜனவரியில் இலங்கை உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எல்லாவற்றையும் சித்தம் என்று விட்டிருந்தால் அந்த வழக்கே இல்லை.

இயேசுவின் காலத்திலும் இப்படி ஒன்று நடந்திருக்கிறது. சீலோவாமில் ஒரு கோபுரம் விழுந்து 18 பேர் செத்தார்கள். எருசலேமில் குடியிருந்த மற்றவர்களைவிட அவர்கள் பெரிய பாவிகள் என்று நினைக்கிறீர்களா என்று அவர் கேட்டு, இல்லை என்று அவரே சொல்கிறார். பிறகு ஏன் செத்தார்கள்? அவர் சொல்லவில்லை. பேச்சை உயிரோடு இருப்பவர்கள் பக்கம் திருப்பி, நீங்கள் மனம் திரும்புங்கள் என்கிறார். செத்தவர்கள்மேல் பழி போடும் பாதையை மட்டும் அடைத்துவிட்டுப் போகிறார்.

கோபுரத்துக்கும் அணைக்கும் குண்டுக்கும் மனிதர்களிடம் கேட்கலாம். ஐந்து வயசுப் பையனின் ரத்தத்தில் வந்ததற்கு யாரிடம் கேட்பது? அங்கேதான் பாட்டி கேட்ட இடத்தில் கேட்க வேண்டியிருக்கிறது.

*

சி. எஸ். லூயிஸ் 1940இல் ‘வலி என்னும் பிரச்சினை’ என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு புத்தகம் எழுதினார். கடவுள் இருக்கும்போது துன்பம் ஏன் என்பதற்கு நிதானமான வாதங்கள் கொண்ட புத்தகம். 1960இல் அவர் மனைவி ஜாய் புற்றுநோயில் இறந்தார். அடுத்த வருடம் ஒரு மெல்லிய நோட்டுப் புத்தகம் வந்தது. கடவுளின் வீட்டுக் கதவை ஓங்கித் தட்டிவிட்டு நிற்கிற ஒருவனின் குறிப்புகள். அதை எழுதியவர் பெயர் என். டபிள்யூ. கிளார்க் என்று போட்டிருந்தது. அது லூயிஸ்தான். பதில் சொல்லும் புத்தகத்தில் சொந்தப் பெயரைப் போட்டவர், கேள்வி கேட்கும் புத்தகத்துக்குப் புனைபெயர் தேட வேண்டியிருந்தது. புலம்புவதற்கு வெட்கப்படும் ஊர் நம்முடையது மட்டும் இல்லை என்று அதைப் படித்தபோது நினைத்துக்கொண்டேன்.

ஆனால் தமிழ்க் கிறிஸ்தவம் எப்போதும் இப்படி வெட்கப்பட்டதில்லை. கோவாவிலிருந்து 1705இல் இலங்கைக்கு வந்து 1742இல் அங்கேயே இறந்த ஜாகோமே கொன்சால்வெஸ் என்ற பாதிரியார், தமிழில் ‘வியாகுலப் பிரசங்கம்’ எழுதினார். இயேசுவின் பாடுகளைச் சொல்லும் அந்த உரைநடையை யாழ்ப்பாணம், மன்னார்ப் பக்கங்களில் தவக்காலத்தில் ராகம் போட்டு வாசிப்பார்கள். பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்த தாயாக மாதா அதில் அழுகிறாள். அழுகிற மாதாவை நம் ஊர்ப் பெண்களுக்கு அந்நியமாகத் தெரிந்திருக்காது. 300 வருடத்துக்கு முன்னால் ஒரு பாதிரியார் உள்ளே கூட்டிவந்த அழுகையைத்தான் நாங்கள் வாசலில் வைத்துத் தடுத்தோம், அதுவும் அழுவதற்கென்றே இறங்கி வந்த ஒரு பெரியம்மாவிடம்.

பாட்டி அன்றைக்குச் செய்ததை விசுவாசக் குறைவு என்று சபையில் பேசிக்கொண்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 74 வருடம் பதில் சொல்லாத ஒருவரிடம் மறுபடியும் போய்க் கேட்பதற்கு எவ்வளவு விசுவாசம் வேண்டும்? நம்பிக்கை போனவர்கள் கேட்பதையே நிறுத்திவிடுவார்கள். நான் பார்த்த பலர் அப்படித்தான் நிறுத்தினார்கள், சத்தமில்லாமல், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பாட்டுப் பாடிக்கொண்டே.

*

பாட்டி 2021இல் போய்ச் சேர்ந்தார். கோவிட் கட்டுப்பாட்டில் சில பேர்தான் கூட முடிந்தது. சாமியார் ஜெபத்தை முடித்துவிட்டுப் போன பிறகு, அக்கா பேசினாள். “பாட்டிக்கு யாராச்சும் அழணும்ல.” அம்மா என்னைப் பார்த்தார், நான் அம்மாவைப் பார்த்தேன். எங்கள் மூவருக்கும் ஒப்பாரி தெரியாது. அந்த ராகத்தை எங்களில் ஒருவரும் கற்றுக்கொள்ளவில்லை. பக்கத்து லயத்துப் பெரியம்மாவும் மகன் வீட்டுக்குக் கிள்ளான் போய்விட்டார். அக்கா உள்ளே போய் அம்மாவின் வேதாகமத்தை எடுத்துவந்து 88ஆம் சங்கீதத்தை வாசித்தாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளை பாடம் வாசிப்பதைப் போல, ஏற்ற இறக்கம் இல்லாமல். கடைசி வரி வந்ததும் நிறுத்திவிட்டுப் புத்தகத்தை மூடினாள். அம்மா வழக்கமாக ஆமென் சொல்லும் இடம் அது. சொல்லவில்லை.

அக்கா இன்றும் சபைக்குப் போகிறாள். சாட்சி சொல்லக் கூப்பிட்டால் மட்டும் எழுந்திருக்கமாட்டாள். தோட்டத்தில் எந்த வீட்டில் சாவு என்றாலும், கிறிஸ்தவ வீடோ இந்து வீடோ, வேலை முடிந்ததும் போய்விடுவாள். அடுப்படியில் கோப்பி கலக்குவாள், கோப்பை கழுவுவாள், பிறகு வந்து அந்த வீட்டுப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். ஒன்றும் பேசமாட்டாள். ராத்திரி லாரிகள் இறங்கும் நேரம்வரை உட்கார்ந்திருந்துவிட்டு வருவாள்.

நான் இப்போது கோலாலம்பூரில் இருக்கிறேன். சபைக்குப் போவது அபூர்வம். கேட்கிற ஆள் அந்தப் பக்கம் இருக்கிறாரா என்று உறுதியாகச் சொல்ல என்னால் முடியாது. ஆனால் நவம்பர் 2ஆம் தேதி லீவு போட்டுவிட்டு மலைக்கு ஏறிவிடுகிறேன். பாட்டிக்கு ஒரு மெழுகுவர்த்தி, மருமகனுக்கு ஒன்று, வாசல் கல்லின்மேல் ஒன்று. மலைக்காற்றில் அந்த மூன்றாவது நிற்காது. இரண்டு மூன்று தரம் ஏற்ற வேண்டியிருக்கும். ஏற்றும்போது பாட்டி கேட்டதையே நானும் கேட்டுவைக்கிறேன். எங்கே வைத்திருக்கிறாய் என்று.